ஒரு காற்புள்ளியை எங்கே வைப்பது? வேதாகமத்தைக் கிறிஸ்தவர்கள் வெவ்வேறாக வாசிப்பது ஏன்

இயேசுவுக்கு இரண்டு பக்கமும் சிலுவையில் தொங்கிய குற்றவாளிகளில் ஒருவன் கடைசி நேரத்தில் அவர் பக்கம் திரும்பி, உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். அதற்கு வந்த பதில் லூக்கா 23:43. கிரேக்க மூலத்தில் இருக்கும் வரிசையிலேயே சொற்களைத் தமிழில் அடுக்கினால் இப்படி வரும்: "மெய்யாகவே உனக்குச் சொல்கிறேன் இன்று என்னோடு இருப்பாய் பரதீசில்."

இதில் காற்புள்ளியை எங்கே வைப்பது? 'சொல்கிறேன்' என்பதற்குப் பிறகு வைத்தால் அந்த மனிதன் அன்றைக்கே பரதீசுக்குப் போகிறான். 'இன்று' என்பதற்குப் பிறகு வைத்தால் அன்றைக்கு நடப்பது வாக்குக் கொடுப்பது மட்டும்தான். போவது என்றைக்கு என்று வசனம் சொல்லவில்லை. புள்ளி ஒரு சொல் தள்ளிப்போனதும், செத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடையே மாறிவிடுகிறது. பெரும்பாலான சபைகள் முதல் வாசிப்பை எடுத்துக்கொண்டு, உயிர் பிரிந்ததுமே ஆத்துமா கடவுளிடம் போகிறது என்கின்றன. யெகோவாவின் சாட்சிகளின் மொழிபெயர்ப்பு இரண்டாவது இடத்தில் புள்ளி வைக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். உயிர்த்தெழும் நாள் வரை இறந்தவர்கள் உணர்வில்லாத உறக்கத்தில் இருக்கிறார்கள் என்பது அவர்கள் போதனை.

மூலத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். தீராது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் காற்புள்ளியும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. எழுத்துகள் ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். நாம் சாதாரணமாக '23:43' என்று சொல்கிறோமே, அந்த வசன எண்களே 1551இல் ரோபேர் எத்தியேன் என்ற அச்சகர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவை.

ஆகவே வாதம் வேறு இடத்துக்கு நகர்கிறது. 'மெய்யாகவே உனக்குச் சொல்கிறேன்' என்ற தொடர் சுவிசேஷங்களில் அடிக்கடி வருகிறது, வேறெங்கும் அதோடு 'இன்று' ஒட்டவில்லை என்கிறது ஒரு தரப்பு. 'இன்று நான் உனக்குக் கட்டளையிடுகிறேன்' என்று உபாகமம் திரும்பத் திரும்பச் சொல்கிறதே, அது எபிரெயப் பேச்சுவழக்கு என்கிறது மறுதரப்பு. என் பார்வையில் முதல் தரப்பின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புமே வசனத்தை மதிக்கிறது, கவனமாகத்தான் படிக்கிறது. செத்தவர்களைப் பற்றி ஏற்கெனவே மனதில் இருக்கும் நம்பிக்கை, புள்ளி வைக்கும் கையைப் பிடித்து நடத்துகிறது.

வேதத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். சண்டை வசனத்தின்மேல் நடப்பதுபோலத் தெரியும். முடிவு அதற்கு முன்னாலேயே, வேறு ஏதோ ஒரு கேள்வியில் எடுக்கப்பட்டிருக்கும். அந்த முன்கேள்விகள் சிலவற்றைப் பார்க்கலாம்.

எந்தப் புத்தகம்?

வேதாகமத்தில் எத்தனை நூல்கள் என்ற கேள்விக்கே ஒரே விடை இல்லை. புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு 66. கத்தோலிக்கருக்கு 73. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்னும் சில கூடும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை 81 என்று எண்ணுகிறது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் பெரிய சபைகளுக்குள் வழக்கில்லை. சிக்கல் முழுக்கப் பழைய ஏற்பாட்டில். கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் வழியாக வந்த சில நூல்கள் எபிரெயத் தொகுப்பில் இல்லை. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை அவை. பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சபைகளைத் தொடங்கிய சீர்திருத்தக்காரர்கள் எபிரெயத் தொகுப்பை அளவுகோலாக எடுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் அந்த நூல்களை உறுதிசெய்தது.

இவற்றுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைப் பாருங்கள். ஒரு வீட்டில் இவை 'தள்ளுபடி ஆகமங்கள்', இன்னொரு வீட்டில் 'இணைத் திருமுறை நூல்கள்'. பெயரைச் சொன்ன உடனேயே நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். நடுநிலையான பெயர் ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எண்ணிக்கை மாறினால் போதனையும் மாறும். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளலாமா? 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தில் யூதா மக்கபே போரில் விழுந்த வீரர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறார். அது நல்ல செயல் என்று நூல் பாராட்டுகிறது. உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்த ஆத்துமா பரலோகம் சேரும் முன் தூய்மையாகும் நிலை) என்ற போதனைக்குக் கத்தோலிக்கர் காட்டும் சான்றுகளில் இது முக்கியமானது. புராட்டஸ்டண்டாக இருப்பவரிடம் இதை எடுத்துக் காட்டினால், என் வேதாகமத்தில் இந்தப் பக்கமே இல்லையே என்பார். அதற்குமேல் பேச்சு எப்படி நகரும்?

நூல்களின் பட்டியலில் ஒத்துப்போனாலும் பிரதிகளில் சிக்கல் வரலாம். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் (16:9 முதல் 20 வரை) நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளில், சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும், இல்லை. பின்னால் சேர்ந்த பகுதி என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகிறார்கள். சர்ப்பங்களை எடுப்பார்கள் என்ற 18ஆம் வசனம் அந்தப் பகுதியில்தான் வருகிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் சில சிறிய சபைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் பிடிக்கின்றன. கடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. ஒரு பகுதி மூலத்தைச் சேர்ந்ததா இல்லையா என்ற கேள்வி ஏட்டறிஞர்களின் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என்ன சொல்?

பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரெயம், கொஞ்சம் அரமேயம். புதிய ஏற்பாடு கிரேக்கம். இயேசு பேசியது அரமேயம். ஆகவே சுவிசேஷத்தில் அவர் சொல்வதாக வரும் பெரும்பாலான வாக்கியங்கள் நமக்கு வந்து சேரும்போதே ஒரு மொழி தாண்டியவை.

ஏசாயா 7:14 இதற்கு எல்லாரும் காட்டும் இடம். எபிரெயத்தில் அங்கே இருக்கும் 'அல்மா' என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். செப்துவஜிந்த் அதை 'பார்த்தெனோஸ்' என்று பெயர்த்தது, கன்னி. மத்தேயு கிரேக்க வடிவத்தை எடுத்து இயேசுவின் பிறப்போடு பொருத்தினார். 1952இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு ஏசாயாவில் 'இளம்பெண்' என்று போட்டபோது, ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்தார். மத்தேயுவில் அதே மொழிபெயர்ப்பு 'கன்னி' என்றுதான் வைத்திருந்தது. கோபத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது.

இயேசுவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்ற வழக்கு தமிழ் வாசகருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும். மாற்கு 6:3 யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நான்கு 'சகோதரர்களின்' பெயர் சொல்கிறது. மரியாள் யோசேப்பு தம்பதிக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் என்று புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். மரியாள் என்றைக்கும் கன்னி என்று நம்பும் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் அதை ஏற்பதில்லை. யோசேப்பின் முதல் மனைவியின் பிள்ளைகள் என்பது கிழக்கில் வழங்கும் விளக்கம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் சொன்ன விளக்கம் வேறு: அவர்கள் மரியாளின் சகோதரியுடைய பிள்ளைகள். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு இது இழுத்துப்பிடித்த வாதமாகத் தெரியும். நமக்கோ, பெரியம்மா பிள்ளையும் சின்னம்மா பிள்ளையும் அண்ணன் தம்பிதானே? வேறு சொல்லே இல்லையே. எபிரெயமும் அரமேயமும் உறவுமுறையில் இப்படித் தாராளமானவை என்பதுதான் ஜெரோம் பக்கத்தின் பலம். பலவீனமும் உண்டு: கிரேக்கத்தில் 'அனெப்சியோஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது, கொலோசெயர் 4:10இல் மாற்குவை பர்னபாவுக்கு அந்த உறவாகவே பவுல் குறிப்பிடுகிறார். அந்தச் சொல் இருக்க, சுவிசேஷங்கள் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை?

சில நேரம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒதுங்கி நிற்க வழியே இல்லை. மாற்கு 4:38இல் புயலில் படகு ஆட, தூங்கும் இயேசுவை எழுப்பி, அழிந்துபோகிறோமே உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள் சீடர்கள். கிரேக்கத்துக்கு ஒரே 'நாம்'தான். தமிழுக்கு இரண்டு. 'நாம் மடிந்துபோகிறோம்' என்றால் இயேசுவும் சேர்ந்து மூழ்குவார் என்று அவர்கள் பயந்ததாக ஆகும். 'நாங்கள்' என்றால் அவர் மூழ்கமாட்டார் என்று உள்ளுக்குள் நம்பியதாக ஆகும். பழைய திருப்புதல் என்று வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்று போட்டிருக்கிறது. இரண்டெழுத்து வித்தியாசத்தில் சீடர்களின் விசுவாசத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு உள்ளே வந்துவிட்டது. படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு மேசை, ஒரு சுண்ணக்கட்டி

சொல்லில் கொஞ்சமும் குழப்பம் இல்லாத வாக்கியத்திலும் பிளவு வரலாம். கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தை எடுத்துப் பிட்டு, "இது என் உடல்" என்கிறார். சின்னக் குழந்தைக்கும் புரியும் வாக்கியம். கிறிஸ்தவ மேற்குலகத்தை இதைவிட ஆழமாகப் பிளந்த வாக்கியம் அதிகம் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் விளக்கம்: குருவானவர் அப்பத்தைப் புனிதப்படுத்தும்போது அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது, நிறமும் சுவையும் வடிவமும் மட்டும் அப்பமாகவே நிற்கின்றன. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இந்தப் பொருள்மாற்றத்தைச் சொல்லியாயிற்று. ஜெர்மன் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் இந்தத் தத்துவ விளக்கத்தை வேண்டாம் என்றார். ஆனால் கிறிஸ்துவின் உடல் அங்கே உண்மையாகவே இருக்கிறது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. சூரிச்சில் இருந்த உல்ரிச் சுவிங்லிக்கு இதுவும் ஒத்துவரவில்லை. "நானே வாசல்" என்றார் இயேசு. அவருக்குக் கீல் இருந்ததா? "நானே திராட்சச்செடி" என்றார், இலை இருந்ததா? அதுபோல 'இது என் உடல்' என்றால் இது என் உடலைக் குறிக்கிறது என்று அர்த்தம். இப்படிப் போனது அந்தப் பக்கத்தின் வாதம்.

இரண்டு பேரையும் ஒன்றுசேர்க்காவிட்டால் சீர்திருத்த இயக்கம் அரசியலிலும் தோற்றுவிடும் என்று ஹெஸ்ஸே நாட்டு இளவரசர் பிலிப் பயந்தார். 1529 அக்டோபரில் மார்புர்க் நகரத்துத் தம் கோட்டைக்கு இருவரையும் வரவழைத்தார். லூத்தர் பேச்சுத் தொடங்கும் முன்பே ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து மேசைமேல் லத்தீனில் எழுதினார்: 'ஹொக் எஸ்த் கொர்புஸ் மெயும்', இது என் உடல். பிறகு எந்த வாதம் வந்தாலும் அந்த எழுத்தைத்தான் காட்டினார். ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சம் ஒன்றுக்கும் உதவாது என்ற யோவான் 6:63ஐ சுவிங்லி திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டார். லூத்தர் நகரவில்லை. கடைசியில் 15 கூறுகள் எழுதப்பட்டன. 14இல் ஒற்றுமை. பதினைந்தாவதிலும் பெரும்பகுதி சரி. உடல் உண்மையாக அங்கே இருக்கிறதா என்ற ஒன்றில் மட்டும் இல்லை. லூத்தர் எதிர்த்தரப்பைச் சகோதரர்களாக ஏற்க மறுத்துக் கிளம்பினார். இரண்டு ஆண்டு கழித்து சுவிங்லி கப்பெல் போரில் இறந்தார். அந்தப் பதினைந்தாவது கூறு லூத்தரன் சபைகளுக்கும் சீர்திருத்த சபைகளுக்கும் நடுவில் நூற்றாண்டுக்கணக்கில் சுவராக நின்றது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மேசையில் எழுதப்பட்ட அந்த 'எஸ்த்' என்ற சின்னஞ்சிறு வினை. வாதம் முழுக்க அதன்மேல்தான். தமிழில் 'இது என் உடல்' என்று சொல்லும்போது அந்த வினையே இல்லை; எழுவாயும் பயனிலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும். அரமேயத்திலும் அப்படிச் சொல்ல முடியும். இயேசு சொன்னபோது அந்தச் சொல் வாயில் வந்திருக்கவே தேவையில்லை. தமிழ்ப் பழைய திருப்புதலோ கிரேக்கத்தை ஒட்டி 'சரீரமாயிருக்கிறது' என்று வினையோடு எழுதியது. இதனால் லூத்தர் தோற்றார் என்று சொல்ல வரவில்லை. அவர் நம்பிக்கை ஓர் இலக்கண விதியைவிடப் பெரியது. ஆனாலும் இல்லாத ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கு நின்றிருக்கலாம் என்பது யோசிக்கத்தக்கது.

இன்னொன்றும் உண்டு. 'நாங்கள் வேதத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவர்கள்' என்று சொல்லும் பல சபைகள் ஆதியாகமத்தின் ஆறு நாட்களை இருபத்துநான்கு மணிநேர நாட்களாகவே கொள்கின்றன. 'இது என் உடல்' என்ற இடத்துக்கு வந்ததும் அடையாளம் என்கின்றன. கத்தோலிக்கரிடம் கேட்டால் பெரும்பாலும் தலைகீழ்: அப்பம் உண்மையிலேயே உடல், ஆறு நாளை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. ஆகவே யாராவது 'எழுத்தின்படி' என்று சொன்னால், எந்த எழுத்தின்படி என்று கேட்பது நல்லது.

என்ன வகை எழுத்து?

ஆறு நாள் விவகாரம் டார்வினுக்குப் பிறகு வந்த சமாளிப்பு என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. தவறு. சூரியன் நான்காம் நாள்தான் படைக்கப்படுகிறது, அப்படியானால் முதல் மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் எப்படி வந்தது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற திருச்சபை அறிஞர் கேட்டுவிட்டார். எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது, நாட்கள் நாம் அறிந்த நாட்கள் அல்ல என்பது திருச்சபைத் தந்தையருள் ஒருவரான அகுஸ்தீனின் கருத்து. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று ஆர்ச்பிஷப் அஷர் வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கணக்குச் சொன்னது 1650இல்தான்.

வேதாகமத்துக்குள் கவிதை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வம்ச வரலாறு, பழமொழி, கடிதம், தரிசனம் எல்லாம் இருக்கிறது. மலைகள் ஆட்டுக்கடாக்களைப்போல் துள்ளின என்று சங்கீதம் பாடினால் யாரும் நிலநடுக்க ஆதாரம் தேடமாட்டார்கள். பிரச்சினை, ஒரு பகுதி எந்த வகை என்பதிலேயே வழக்கு வரும்போது. யோனா கதை நடந்த வரலாறா, பாடம் சொல்லும் கதையா? வெளிப்படுத்தின விசேஷம் ரோமப் பேரரசைப் பற்றிய மறைமொழியா, இனி வரப்போகும் நாட்களின் அட்டவணையா?

பழங்காலத்தில் இந்த வழக்கை ஒரு தாராள மனத்தோடு தீர்த்துக்கொண்டார்கள்: ஒரு வசனத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டுமா என்ன? எருசலேம் என்றால் நேர்ப்பொருளில் யூதரின் நகரம், உருவகமாகத் திருச்சபை, ஒழுக்க நோக்கில் மனிதனின் ஆத்துமா, மறுமை நோக்கில் பரலோக நகரம் என்று ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் நாலு அடுக்கு காட்டினார். இந்த முறை இடைக்காலம் முழுக்க ஆட்சி செய்தது. அகுஸ்தீன் நல்ல சமாரியன் கதையை எடுத்து, அடிபட்டுக் கிடப்பவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் என்று பிரித்துக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதில் அந்தக் கதை. பவுல் அப்போது காட்சியிலேயே இல்லை. அந்தியோகியா பக்கத்து உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட உருவக வாசிப்பின்மேல் சந்தேகத்தோடே இருந்தார்கள். ஆசிரியர் சொல்ல வந்தது என்ன என்று முதலில் பார் என்பது அவர்கள் நிலை. லூத்தரும் கால்வினும் பின்னாளில் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

உருவகம் வேண்டாம், கணக்கு மட்டும் போதும் என்றாலும் பாதுகாப்பு இல்லை. தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை 2300 ஆண்டாக எடுத்து, கி.மு. 457இலிருந்து எண்ணி, கிறிஸ்து வரப்போகிறார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லர் கூட்டம் காத்திருந்தது. கடைசியாகக் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. நாள் வந்தது, போனது. அதை வரலாறு 'பெரும் ஏமாற்றம்' என்று குறிக்கிறது. கணக்கு சரி, நடந்த நிகழ்ச்சியைத்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று சொன்னவர்களிடமிருந்து 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை உருவானது.

யார் சொன்னால் முடிவு?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. வாசிப்பு இரண்டாகப் பிரிந்தால் தீர்ப்புச் சொல்வது யார்?

கத்தோலிக்க விடை தெளிவு: வேதமும் திருமரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன, அவற்றுக்கு அதிகாரத்தோடு பொருள்சொல்லும் பணி திருச்சபையின் ஆசிரியத்துவத்துக்கு, அதாவது திருத்தந்தையும் (போப்) ஆயர்களும் கொண்ட போதிக்கும் அதிகாரத்துக்கு, உரியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இதைத் திரும்ப எடுத்துரைத்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஓர் ஆளையோ அலுவலகத்தையோ காட்டுவதில்லை; திருச்சபைத் தந்தையர்களும் பொதுச்சங்கங்களும் வழிபாடும் சேர்ந்த மரபே வாசிப்புக்குக் கரை. புராட்டஸ்டண்டுகளின் முழக்கம் 'வேதம் மட்டுமே'. தெளிவில்லாத பகுதியைத் தெளிவான பகுதியால் விளக்கு, வேதமே வேதத்துக்கு உரை என்பது அவர்கள் விதி. எது தெளிவான பகுதி என்று யார் முடிவு செய்வது? அந்தக் கேள்விக்கு வந்த பல விடைகளே இன்றைக்குப் பல சபைகள். மெதடிஸ்டுகள் வேதத்தை முதலில் வைத்து, மரபையும் பகுத்தறிவையும் அனுபவத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதிலும் ஒரு வசனம்தான் மையம். "நீ பேதுரு, இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" (மத்தேயு 16:18). கல் யார்? பேதுருவேதான் என்றால் அவர் வழிவரும் திருத்தந்தைக்கு அதிகாரம். பேதுரு அப்போது அறிக்கையிட்ட விசுவாசம் என்றால் அந்த அதிகாரம் இல்லை. அகுஸ்தீன் முதலில் பேதுரு என்றார், பின்பு பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே என்றார், வயதான காலத்தில் தம் நூல்களைத் திரும்பிப் பார்த்து, இரண்டில் எது பொருத்தம் என்று வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று எழுதிவைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

சுமை யார் தலையில்?

இதெல்லாம் அறிஞர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்தவர்கள் கையில் வேதாகமம் இருந்தது. வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 6:5 இருந்தது. காமின் சந்ததிமேல் சாபம் என்று ஆதியாகமம் 9ஐக் காட்டினார்கள். அந்த அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் சாபம் காமின்மேல் இல்லை, அவன் மகன் கானான்மேல் இருக்கிறது. எதிர்த்தரப்பு மனிதனைத் திருடி விற்கிறவன் கொலைசெய்யப்பட வேண்டும் என்ற யாத்திராகமம் 21:16ஐயும், அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28ஐயும் காட்டியது. 1845இல் பாப்டிஸ்டுகள் இந்த வழக்கில் பிளந்து தெற்கத்தியர் தனி அமைப்பு கண்டார்கள். அந்த அமைப்பு அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995இல், நூற்றைம்பது ஆண்டு கழித்து.

மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு சுருக்க வேதாகமம் அச்சானது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகும் கதை அதில் இல்லை. கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 இருந்தது. தொகுத்தவர்களுக்கு எந்த வசனம் எந்தப் பக்கம் பேசும் என்பதில் ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. விளக்கம் சொல்லிச் சமாளிக்க முடியாது என்று தெரிந்த இடத்தில் கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

எல்லா வழக்கும் என்றென்றைக்கும் தொடர்வதும் இல்லை. கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினால் மனுஷன் நீதிமானாகிறான் என்கிறார் பவுல் (ரோமர் 3:28). விசுவாசத்தினாலேமாத்திரம் அல்ல, கிரியைகளினாலும் என்கிறது யாக்கோபு 2:24. லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ரோமர் வசனத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார், யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். சீர்திருத்தப் போர் இதன்மேல்தான் மூண்டது. 1999 அக்டோபர் 31 அன்று லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, நீதிமானாக்கப்படுதலின் அடிப்படையில் நாங்கள் ஒத்துப்போகிறோம், பழைய கண்டனங்கள் இன்றைய எதிர்த்தரப்பின் போதனைக்குப் பொருந்தா என்றார்கள். வசனங்கள் இரண்டும் மாறவில்லை. 'விசுவாசம்' என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர் எதைக் கேட்டார் என்று பேசித் தெரிந்துகொள்ள 470 ஆண்டுக்குமேல் ஆயிற்று.

முடிக்கும் முன் ஒரு வசனத்தை நீங்களே எடுத்து இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். ரோமர் 16:7. அன்றோனீக்குவையும் யூனியாவையும் வாழ்த்துங்கள், அவர்கள் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று எழுதுகிறார் பவுல். யூனியா ஆணா பெண்ணா? பெண் என்றால், அப்போஸ்தலர் என்று அழைக்கப்பட்ட பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். பெண்கள் சபையில் போதிக்கலாமா என்று இன்றைக்கும் நடக்கும் வழக்கில் அது கனமான சாட்சி. கிரேக்கத்தில் அந்தப் பெயரின்மேல் விழும் அசைக்குறி (உச்சரிப்பில் அழுத்தம் விழும் இடத்தைக் காட்டுவது) எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து ஆண்பெயர் அல்லது பெண்பெயர். பழைய பிரதிகளில் அசைக்குறி கிடையாது. நான்காம் நூற்றாண்டுக் கிறிசோஸ்தோம் அவளைப் பெண்ணாகவே வாசித்து, அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுந்தவளாக இருந்தாளே என்று வியந்தார். 'யூனியாஸ்' என்ற ஆண்பெயருக்குப் பழங்கால ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் உறுதியான சான்று இல்லை. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அறிஞர்கள் பயன்படுத்திய கிரேக்கப் பதிப்பு ஆண்பெயருக்குரிய குறியோடுதான் அச்சானது. 1998இல் அந்தக் குறியைப் பழைய இடத்துக்கு மாற்றினார்கள்.

பெண் என்று ஒத்துக்கொண்ட பிறகு வழக்கு அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது: அப்போஸ்தலர்களில் ஒருத்தியாகப் பெயர்பெற்றவளா, அப்போஸ்தலர்களிடையே நல்லபெயர் எடுத்தவளா? தமிழில் 'அப்போஸ்தலருக்குள்' என்று இருப்பதை மறுபடி படியுங்கள். இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கிறது அது.